டிராக்டர் நோட்டுக்கு லட்ச ரூபாயா?

பூதப்பாண்டிப் பக்கத்து வீடுகளில் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்தால், நிலப் பத்திரங்களுக்கு அடியில் தாத்தா வைத்துவிட்டுப் போன நோட்டுகள் நாலைந்து கிடைப்பதுண்டு. அதே வேளையில் கைபேசியில் ஒரு விளம்பரமும் வருகிறது: டிராக்டர் படம் போட்ட 5 ரூபாய் நோட்டு இருக்கிறதா, லட்சங்களில் விலை தருகிறோம்!

அந்த நோட்டு அரியதே அல்ல. ஏராளமாக அச்சடித்துப் புழங்கியது, இன்றும் 5 ரூபாய்க்குச் செல்லும். எண் 786 என்று முடிந்தால் அதிர்ஷ்டம் என்பாரும் உண்டு. ஆயிரம் நோட்டுகளை வரிசையாக எடுத்தால் அப்படி முடியும் நோட்டு ஒன்று கட்டாயம் இருக்கும். ஆசைப்பட்டுக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பவர் இருக்கலாம். அதை வைத்து வீடு கட்ட முடியாது.

நாஞ்சில் நாட்டுக்கே உரிய நம்பிக்கை ஒன்று, ‘திருவிதாங்கூர் மகாராஜா நோட்டு’. திருவிதாங்கூரின் பணம் உலோக நாணயம்தான். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய்; பிரிட்டிஷ் இந்திய ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம். நோட்டை நெடுங்காலம் புழக்கத்தில் விட்ட சமஸ்தானம் ஐதராபாத். பெட்டியில் சங்குச் சின்னத்தோடு தாள் இருந்தால் அது முத்திரைத்தாளா, அஞ்சல் அட்டையா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

நோட்டின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? ரிசர்வ் வங்கி நோட்டின் பின்பக்கத்தில் ஆண்டு அச்சிடும் வழக்கம் 2005-இல்தான் வந்தது. அதற்கு முந்தையவற்றுக்குக் கவர்னரின் கையெழுத்தே சாட்சி. சி. டி. தேஷ்முக் என்றிருந்தால் 1943 முதல் 1949 வரை, எல். கே. ஜா என்றால் 1967 முதல் 1970 வரை. ஒரு ரூபாய் நோட்டு மட்டும் வேறு வகை: அது மத்திய அரசின் வெளியீடு, கையெழுத்து நிதித்துறைச் செயலருடையது, ஆண்டும் போட்டிருக்கும். மன்மோகன் சிங் 1976 முதல் 1980 வரை நிதிச் செயலராகவும், 1982 முதல் 1985 வரை கவர்னராகவும் இருந்தவர். ஆகவே இரு வகையிலும் அவர் கையெழுத்து உண்டு. பின்னாளில் பிரதமரானதால் அந்த நோட்டுகள் அரியவை ஆகிவிடவில்லை.

உண்மையிலேயே விலை போகிறவையும் இருக்கின்றன. வளைகுடா நாடுகளில் மட்டும் செல்வதற்கென 1959-இல் வேறு நிறத்தில், ‘இசட்’ எழுத்தில் தொடங்கும் எண்ணோடு வெளியான நோட்டுகளைச் சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள். எந்த நோட்டானாலும் மடிப்பில்லாத தாளுக்கே மதிப்பு. பழைய வங்கிக் கட்டின் பின் துளையைப் பொறுத்துக்கொள்வார்கள். கழுவி இஸ்திரி போட்டதையும் செல்லோடேப் ஒட்டியதையும் ஒதுக்குவார்கள். தயவுசெய்து நோட்டைத் தொட்டுத் துலக்காதீர்கள்.

அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் கொண்டுவரும் 2 டாலர் நோட்டைப் பூஜையறையில் வைக்கும் வீடுகளும் உண்டு. 1976 வரிசை முதல் வரும் பச்சை முத்திரை நோட்டு, பெரும்பாலும் 2 டாலர்தான் பெறும். சிவப்பு முத்திரையுள்ள 1928, 1953, 1963 வரிசைகளுக்குச் சற்றுக் கூடுதல். அதில் அச்சான ஆண்டு, வரிசை தொடங்கிய ஆண்டே தவிர, அந்தத் தாள் அச்சான ஆண்டு அல்ல. அமெரிக்க அரசு 1861 முதல் வெளியிட்ட நோட்டுகள் இன்றும் அங்கே செல்லும். நம் கதை வேறு. 2016-இல் செல்லாதவையான 500, 1000 ரூபாய் நோட்டுகளை 10-க்கு மேல் வைத்திருப்பது 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆய்வுக்கும் சேகரிப்புக்கும் 25 வரை அனுமதி.

விளம்பரக்காரர்கள் நோட்டை வாங்கவே வருவதில்லை. விலை பேசி முடித்ததும் பதிவுக் கட்டணம், வரி, ரிசர்வ் வங்கி அனுமதி என்று ஒவ்வொன்றாகப் பணம் கேட்பார்கள். பழைய நோட்டு வாங்கும் விற்கும் வேலையில் தான் இல்லை, அதற்குக் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை, யாருக்கும் அப்படி அதிகாரம் தரவில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளிப்படையாக எச்சரித்தது. நோட்டை விற்பவர் பணம் வாங்கத்தான் வேண்டும், கட்டத் தேவையில்லை. யாராவது முன்பணம் கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்; ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள் என்றால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் கொடுங்கள்.