கம்பம் பள்ளத்தாக்கில் சிப் பயிற்சி

கோல்ஃப் ஆட்டத்தின் நெடுந்தூர வீச்சுகளுக்குப் பரந்த மைதானமும், பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் பட்டிங்குக்கு ஒட்ட வெட்டிப் பராமரித்த புல்தரையும் இன்றியமையாதவை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ‘சிப்’ எனும் சிறு வீச்சை மட்டும் ஒரு மண் களத்திலும் வரப்போரத்திலும் பெரும்பகுதி கற்றுவிடலாம். குழி அமைந்துள்ள புல்தரை கிரீன் எனப்படும். அதன் விளிம்புக்கு வெளியே சில அடிகளில் கிடக்கும் பந்தைத் தாழ்வாக எழுப்பி, கிரீனுக்குள் சற்றே தள்ளி விழச்செய்து, எஞ்சிய தொலைவைத் தானாக உருண்டோட விடுவதே சிப் ஆகும். பந்து காற்றில் நெடுந்தொலைவு சென்று தரையில் குறைவாக உருளுமானால் அது பிட்ச் என வேறு பெயர் பெறும்.

தேனி, சின்னமனூர், கம்பம் வட்டாரத்தில் இவ்வாட்டத்தில் நாட்டமுள்ளோர் மைதானத்தைத் தேடி மலையேற வேண்டியவர்களாகவே உள்ளனர். பெரியகுளத்திலிருந்து அடுக்கம் வழியாக ஏறினால் கொடைக்கானல் கோல்ஃப் கிளப். போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியாக ஏறினால் மூணாறு ஹை ரேஞ்ச் கிளப்பின் ஒன்பது குழி மைதானம். கொடைக்கானல் கிளப் தோன்றிய 1895ஆம் ஆண்டிலேயே முல்லைப் பெரியாறு அணையும் திறக்கப்பட்டது என்பதால், பள்ளத்தாக்குக்கு நீர் வந்த காலமும் அதன் வடக்கு மலையில் கோல்ஃப் வந்த காலமும் ஒன்றே. என்றோ ஒருநாள் மலையேறுபவர் அங்கு கிடைக்கும் சில மணி நேரத்தையும் டிரைவர் எனும் நெடுமட்டையைச் சுழற்றுவதிலேயே செலவிடுவதும், கிரீனின் ஓரத்தில் மூன்று நான்கு அடிகளை வீணாக்கிவிட்டு இறங்குவதும் வழக்கமாகக் காணப்படும் காட்சி. கீழே செய்யக்கூடிய பயிற்சியைக் கீழேயே முடித்துவிட்டுச் செல்வதே இதற்கு மாற்று.

சிப் அடிப்பவர் பார்க்க வேண்டியது குழியை அன்று, பந்து முதலில் விழ வேண்டிய இடத்தையே. இதைக் கணக்கிடச் சமதரைக்குப் பொருந்தும் எளிய வாய்பாடு ஒன்று உண்டு: பன்னிரண்டிலிருந்து மட்டையின் எண்ணைக் கழித்தால் வருவது, பந்து பறக்கும் தொலைவைப் போல் எத்தனை மடங்கு உருளும் என்பதைக் காட்டும். முகம் கூடுதலாகச் சாய்ந்த பிட்சிங் வெட்ஜைப் பத்து என்று கொள்வர். குழி பன்னிரண்டு தப்படித் தொலைவில் இருப்பின், பிட்சிங் வெட்ஜால் அடிக்கும் பந்து நான்கு தப்படியில் விழுந்து எட்டுத் தப்படி உருளும். 9ஆம் எண் ‘அயன்’ மட்டையால் மூன்றில் விழுந்து ஒன்பது உருளும். 7ஆம் அயனால் இரண்டில் விழுந்து பத்து உருளும். கிரீனின் விளிம்பைத் தாண்டியதும் பந்து விழுமாறு மட்டையைத் தேர்ந்தால், வீச்சின் அளவு ஏறத்தாழ ஒன்றாகவே இருக்க, மட்டை மட்டும் மாறும். ஒரே மட்டையை வைத்துக்கொண்டு விசையைக் கூட்டிக் குறைப்பதைவிட இது தொடக்கநிலையினருக்கு நம்பகமானது.

பயிற்சிக்கு மண் களமே ஏற்றது. சிமென்ட் களத்தில் மட்டையின் அடிப்பாகம் தேய்ந்துபோகும். தென்னங்கயிற்றை இரண்டு முழ அகலத்தில் வட்டமாகத் தரையில் இட்டு, பந்து அதற்குள் விழுமாறு அடித்துப் பழகலாம். இறுகிய மண்ணில் பந்து துள்ளி வெகுதூரம் ஓடிவிடுமாதலால், அது எங்கே போய் நிற்கிறது என்பதைப் பொருட்படுத்தாமல், எங்கே விழுகிறது என்பதை மட்டுமே கணக்கில் கொள்ள வேண்டும். ஒரே இடத்தில் நின்று ஒரே மட்டையால் ஒரு கூடைப் பந்தையும் அடித்துத் தீர்ப்பது கைக்கு இதமாக இருக்குமேயன்றி ஆட்டத்துக்கு உதவாது. மைதானத்தில் எந்தப் பந்துக்கும் இரண்டாம் வாய்ப்பு இல்லை என்பதால், ஒவ்வொரு பந்துக்கும் இடத்தையோ மட்டையையோ மாற்றிக்கொள்வதே பயன்தரும்.

நிற்கும் முறையில் கவனிக்க வேண்டியவை சிலவே. கால்களைக் குறுக்கி வைத்து, உடல் எடையின் பெரும்பகுதியை இலக்கை நோக்கிய காலில் தாங்கி, கைகள் பந்துக்குச் சற்று முன்னே இருக்குமாறு பிடித்து, அடித்து முடிக்கும்வரை எடையைப் பின்காலுக்கு மாற்றாதிருக்க வேண்டும். பந்தை எழுப்பும் வேலையை மட்டையின் சாய்ந்த முகம் செய்துகொள்ளும். மணிக்கட்டை மடக்கி அள்ளித் தூக்க முற்படுவோரின் மட்டை பந்துக்கு முன்பே மண்ணில் குத்தும், அல்லது மேலெழும் விளிம்பு பந்தின் நடுவில் பட்டுக் கிரீனுக்கு அப்பால் விரட்டிவிடும். இக்குறையைக் கண்டறியக் கோலமாவே போதும். களத்தில் மாவால் குறுக்குக் கோடு ஒன்றை இழுத்து, பந்து இன்றியே அதன்மேல் வீசிப் பார்த்தால், மண்ணில் விழும் கீறல் கோட்டில் தொடங்கி இலக்குப் பக்கம் நீள வேண்டும். கோட்டுக்குப் பின்னால் மண் பெயர்ந்து, கோடு அழியாமல் கிடக்குமாயின் எடை பின்காலில் தங்கியிருக்கிறது என்பது பொருள்.

மட்டைத் தேர்வில் தரையின் தன்மையும் சேரும். வெட்ஜ் மட்டைகளின் அடிப்பாகம் முன்விளிம்பைவிடத் தாழ்ந்து புடைத்திருக்கும் அமைப்பு பவுன்ஸ் எனப்படுகிறது. மணலில் புதையாமல் வழுக்கிச் செல்வதற்காக ஜீன் சரசன் உருவாக்கி, 1932இல் பிரிட்டிஷ் ஓப்பனில் பயன்படுத்தி வென்ற சாண்ட் வெட்ஜில் இப்புடைப்பு மிகுதி. கோடையில் காய்ந்து இறுகிய பள்ளத்தாக்கு மண்ணில் அதே புடைப்பு துள்ளி, விளிம்பைப் பந்தின் வயிற்றில் மோதவிடும். அங்கே பிட்சிங் வெட்ஜோ 9ஆம் அயனோ பாதுகாப்பானது. வரப்பில் படரும் அருகம்புல், வெப்ப நாடுகளின் கோல்ஃப் மைதானங்களில் பெர்முடா என்ற பெயரில் வளர்க்கப்படும் புல்லினமேயாதலால், அதன்மேல் பழகுவது உண்மையான மைதானப் பயிற்சிக்கு நிகரானது. புல் இலக்குப் பக்கம் சாய்ந்திருந்தால் மட்டை எளிதாக ஊடுருவும். எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தால் தண்டுகள் விளிம்பைப் பற்றி நிறுத்திவிடும். ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து வீசும் காற்று, தாழ்வாக ஓடும் பந்தின் அருமையை வேறு எந்த ஆசிரியரையும்விட நன்றாகவே கற்பிக்கும்.

மைதானத்துக்கு வெளியே கற்றுத் தேர்ந்தோர் இவ்வாட்டத்தில் உண்டு. ஸ்பெயினின் செவே பாய்யெஸ்டெரோஸ் சிறுவயதில் தம் ஊர்க் கடற்கரை மணலில் ஒற்றை 3ஆம் அயனைக் கொண்டு எல்லா வீச்சுகளையும் பழகி, பின்னர் பிரிட்டிஷ் ஓப்பனை மூன்று முறை வென்றார். உடல்வலிமையில் குறைந்த பால் ருன்யன், நெடுவீச்சில் பெயர்பெற்ற சாம் ஸ்னீடை 1938ஆம் ஆண்டு பி.ஜி.ஏ. இறுதிப்போட்டியில் பெருவித்தியாசத்தில் தோற்கடித்தது கிரீனைச் சுற்றிய ஆட்டத்தால்தான்.

கொடைக்கானலில் களம் கற்றுத்தராத இரண்டைச் சந்திக்க நேரும்: சரிவும் ஈரமும். ஏற்றத்தில் பந்து குறைவாகவும் இறக்கத்தில் கூடுதலாகவும் உருளும் என்பதால் வாய்பாட்டில் ஒரு மட்டை மாற்றம் தேவைப்படும். பனி ஈரம் உருளலைத் தடுக்கும். மைதானத்தில் மேயும் காட்டுமாடுகளுக்கு வழிவிட்டுக் காத்திருப்பதே அறிவுடைமை. அவற்றின் சாணம் பந்தருகே கிடந்தால், பந்து அசையாதவாறு தண்டனை அடியின்றி அகற்ற விதி அனுமதிக்கிறது. கிரீனில் பதிந்த குளம்புத் தடங்களைச் சீர்செய்துகொள்ளவும் 2019 முதல் அனுமதி உண்டு.

களத்திலும் வரப்பிலும் சிப் மட்டுமே பழக வேண்டும். 45 கிராமுக்கும் சற்று மிகுந்த எடையுள்ள இக்கடினப் பந்தை அங்கே முழுவீச்சில் அடிப்பது, விளையாடும் பிள்ளைகளுக்கும் மேயும் ஆடுகளுக்கும் ஆபத்தாகும். பயிற்சி முடிந்ததும் பந்துகளை எண்ணிப் பொறுக்கிக்கொள்வது நிலத்துக்காரருக்குச் செய்ய வேண்டிய குறைந்தபட்ச மரியாதை.