டாஷ்போட்டுக்குப் பின்னே நான்கு வயர்கள்

எங்கள் யாழ்ப்பாணத்து வீட்டுக் கொட்டகையில் நெடுங்காலம் உறங்கிக்கிடந்த 1959ஆம் வருஷத்து மொறிஸ் மைனர் காரை மறுபடியும் வீதிக்குக் கொண்டுவரவேண்டுமென்ற சபலம் ஏற்பட்டபொழுது, எஞ்சினைக் குறித்து நான் அஞ்சியதில் காற்பங்குகூட அதன் வயர்களைக் குறித்து அஞ்சவில்லை. நடுவிலிருந்த ஸ்பீடோமீற்றரைக் கழற்றி அந்தத் துவாரத்தினூடே டோர்ச் அடித்த பிறகுதான், பூர்வீகம் தெரியாத நான்கு வயர்கள் தலைவிரிகோலமாய்த் தொங்குவதைக் கண்டேன்.

அக்காலத்து ஆங்கிலேயக் கார்களின் வயர்களுக்கு நிறத்தாலான ஒரு சாஸ்திரம் உண்டு. பழுப்பு நேரே பற்றறியிலிருந்து வருவது. வெள்ளை சாவியைத் திருப்பினால் உயிர்பெறுவது. பச்சை அதிலிருந்து பியூஸைக் கடந்து வருவது. சிவப்பு சிறு விளக்குகளுக்கும், நீலம் தலைவிளக்குகளுக்கும், கறுப்பு எர்த்துக்கும் உரியவை. ஆனால் நூலால் பின்னிய உறையுள்ள பழைய வயர்களோ அறுபது வருஷத் தூசியில் யாவும் எலிநிறமாகிவிடுகின்றன. கட்டுக்குள் ஓர் அங்குலம் உறையை விலக்கிப் பார்த்தால் அசல் நிறம் பெரும்பாலும் பத்திரமாக இருக்கும் என்பதை நான் மிகவும் பிந்தியே அறிந்துகொண்டேன்.

அதுவும் போதவில்லை. பொருளாதாரத் தடையிருந்த தொண்ணூறுகளில், பெற்றோலுக்குப் பதிலாக மண்ணெண்ணெயில் ஓடிய இந்த வண்டிகளுக்கு வயரும் கையில் அகப்பட்டதாகவே இருந்தபடியால், என் காரில் வீட்டுச் சுவருக்குரிய சிவப்பு வயர் ஒன்று பச்சையின் உத்தியோகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். இந்தக் காரில் எர்த்தாக உடம்போடு பிணைந்திருப்பது பற்றறியின் நேர்முனை. தற்காலப் பழக்கத்தில் மறுமுனையைப் பூட்டியவர்களை நான் அறிவேன். பியூஸ்களோ இரண்டே இரண்டு. தலைவிளக்கும் இக்னிஷனும் அவற்றின் பாதுகாப்புக்குள் வருவதேயில்லை. ஆகையால் பற்றறிக்கும் காருக்கும் நடுவே பிரேக் விளக்கின் 21 வாட் பல்ப் ஒன்றைத் தொடராகப் பூட்டிவிட்டே சோதனையில் இறங்கினேன். எங்கேனும் வயர் உடம்பைத் தொட்டால் புகை எழுவதற்குப் பதிலாகப் பல்ப் பிரகாசிக்கும்; அன்று மாலைக்குள் அது மூன்று தடவை பிரகாசித்தது.

வயர்களுக்குத் துணிநாடாவில் இலக்கமிட்டுத் தாளில் படம் வரைந்துகொண்டேன். தாங்கி காய்ந்திருந்தும் எண்ணெய்மானி நிறைகுடம் காட்டியதற்குக் காரணம், அந்தக் காலத்து மானிக்குத் தாங்கியிலிருந்து வரும் வயர் அறுந்தால் அது நிறைவையே காட்டும் என்பது. பற்றறியை முற்றாக நீக்கி, நீண்ட வயர் ஒன்றைப் பின்பெட்டிவரை இழுத்து, மீற்றரால் தொடர்ச்சியைப் பார்த்தபொழுது சிவப்பு வயரின் பூர்வீகம் வெளியாயிற்று: தாங்கியிலிருந்து வரும் வயர் அதுவேதான். இரண்டாவது வயர் எப்பொழுதோ கழற்றி விற்கப்பட்ட வானொலிக்குரியது.

மற்ற இரண்டும் எந்த உபகரணத்திலும் முடியாமல், கதவுகளுக்கு இடையேயுள்ள தூண்களுக்குள், ஒன்று இடமும் ஒன்று வலமுமாக ஏறி மறைந்தன. சலிப்புற்று வெட்டிவிட எண்ணிக் குறட்டை எடுத்தபொழுது, அயலிலிருந்த முதிய மெக்கானிக் அண்ணை கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொறும் தம்பி. ஒருத்தன் மினைக்கெட்டுத் தூணுக்குள்ளால இழுத்திருக்கிறான். சும்மாவே இழுத்தவன்?"

அவர் தூணின் பெயின்ற்றை விரலால் தடவி, ஒரு சாண் நீளத்துக்குப் புட்டி பூசி மறைத்த பிளவைக் காட்டினார். 1961இல் மினுங்கும் விளக்குகள் வருமுன், மொறிஸ் மைனர் திரும்பும் திசையைக் காட்டத் தூணிலிருந்து ஒரு சிறு கை வெளியே நீளும். யாரோ பிற்காலத்தில் நவீன விளக்குகளைப் பூட்டி, அந்தக் கைகளை உள்ளேயே சமாதி வைத்துவிட்டார்கள்.

அண்ணை காதைத் தூணோடு வைத்துக்கொள்ள, நான் ஒரு கணம் இடப்பக்க வயருக்கு மின்சாரம் கொடுத்தேன். புட்டிக்குப் பின்னால் 'டக்' என்று ஏதோ எழும்பப் பார்த்தது.