‘டைடிங்ஸ்’ என்னும் சொல்

சென்ற ஆண்டு மொழிபெயர்ப்பு வகுப்பில் ‘டைடிங்ஸ்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குக் ‘கடலலைகள்’ என எழுதித் தோழர் அனைவராலும் நகைக்கப்பட்டேன். கடற்கரைச் சிற்றூரிற் பிறந்த எனக்கு ‘டைட்’ என்றவுடன் ஏற்றவற்றமே நினைவிற்கு வந்தது. செய்தியைக் குறிக்கும் பழஞ்சொல் அஃது என ஆசிரியர் திருத்தினார்.

எனினும், யான் முற்றும் பிழைத்தேன் அல்லேன். பழைய ஆங்கிலத்தில் ‘டைட்’ என்பது காலத்தைக் குறித்தது. கிறிஸ்து பிறந்த திருநாட் பருவத்தை ‘யூல்டைட்’ என்பதும் இதுபற்றியே. காலந்தவறாது வருதலின் கடலின் ஏற்றவற்றம் பின்னர் அப்பெயர் பெற்றது. இனி, 9-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திற் குடியேறிய டேனியரின் நார்ஸ் மொழியில் இதனோடு உறவுடைய ஒரு சொல் ‘நிகழ்ந்தவை’ எனப் பொருள்பட்டது. அதன் வழியதே ‘டைடிங்ஸ்’ என்ப. நார்வே நாட்டில் 1868-இல் தோன்றிய ‘பெர்கென்ஸ் டிடெண்டெ’ என்னும் நாளிதழின் பெயரில் அச்சொல்லை இன்றும் காணலாம்.

‘நியூஸ்’ என்பது புதுமை பற்றிய பெயர், மாலையிற் பழமையாகிவிடும். ‘டைடிங்ஸ்’ கேட்போர் வாழ்வைத் தொடுவது. நல்ல, தீய என்னும் அடையொடு பெரிதும் வரும். மேய்ப்பர்க்குத் தேவதூதன் உரைத்ததற்கு 1526-இல் திண்டேல் இச்சொல்லையே ஆண்டார். 1611-இன் மொழிபெயர்ப்பாளரும் அதனைக் கைவிட்டிலர். ஷேக்ஸ்பியர் இதற்கு ஒருமைவினையும் பன்மைவினையும் கொடுப்பர். ஆதலின் மாணவர் இதுபற்றி அஞ்சவேண்டுவதில்லை! இன்று இது வேதத்திலும் கீதத்திலும் வாழ்கின்றது. அரிசி விலையேற்றத்தை இச்சொல்லாற் கூறின் நகைப்பே விளையும்.

புயல் வீசிய ஓர் இரவில், கடலிற் சென்ற தந்தையார் மீளாமையால், என் அன்னையார் கரையில் நின்று வருவாரையெல்லாம் “ஏதும் சேதி உண்டா?” என வினவினார். விடியுமளவில் வள்ளம் கரை சேர்ந்தது. அவர் வினவியது ‘நியூஸ்’ அன்று.

தமிழில் இதற்கு நேராவது யாது? ‘வர்த்தமானம்’ நிகழ்வதையும் நிகழ்காலத்தையும் செய்தியையும் ஒருங்கே உணர்த்தும். 1855-இல் பெர்சிவல் சென்னையில் தொடங்கிய ‘தினவர்த்தமானி’ அப்பெயர் கொண்டதே. பொருளால் மிகப் பொருந்துவது இதுவே. ஆயின் இன்று வழக்கு வீழ்ந்தது. ‘செய்தி’யோ, ‘செய்’ என்னும் பகுதியிற் பிறந்தது. புறநானூற்று 34-ஆம் பாட்டில் அது பிறர் செய்த நன்றியைக் குறிக்கின்றது. அன்று எழுதிய தாளில் ‘கடலலைகள்’ என்பதை அடித்துச் ‘செய்தி’ என எழுதிவைத்துள்ளேன்.