இறப்பர் விரிப்பு: விலையா, கணக்கா?

நோட்டன் பிரிட்ஜிலிருந்து நுவரெலியா குதிரை லாயங்களுக்கு மரத்தூள் அனுப்பும் வியாபாரி நான். "இறப்பர் விரிப்புப் போட்டால் மரத்தூள் வேண்டாம்தானே நானா?" என்று கேட்டார் ஒரு குதிரைக்காரர். "வேண்டும், ஆனால் குறைவாகப் போதும்" என்றேன்.

12 அடிக்கு 12 அடி கொட்டிலுக்கு, 6 அடிக்கு 4 அடி விரிப்புகள் ஆறு பிடிக்கும். விலையைக் கேட்டு மலைக்காதீர்கள். அதை விரிப்பு உழைக்கும் மாதங்களால் வகுங்கள். மாதாமாதம் மிச்சமாகும் மரத்தூளின் விலையோடு ஒப்பிடுங்கள்.

தரை சற்றுச் சரிவாக இருக்கட்டும். இல்லாவிட்டால் சிறுநீர் அடியில் தேங்கும். அமோனியா வாடை குதிரையின் சுவாசத்தைக் கெடுக்கும். நம் மலைநாட்டு மழையில் ஈரம் இலேசில் காயாது. ஆகவே சிறுநீரை உறிஞ்ச மேலே மெல்லிதாகத் தூள் பரப்புங்கள். விரிப்பைத் தூக்கி அடியையும் கழுவுங்கள்.

அவருக்கு அனுப்பும் மூட்டைகள் குறைந்துவிட்டன. ஆனால், உண்மையைச் சொன்னதால் அவர் இன்றும் என் வாடிக்கையாளர்.