தரங்கம்பாடிக்கு முதல் பயணமா?

● ஐப்பசி, கார்த்திகை அடைமழையைத் தவிருங்கள். தை முதல் பங்குனி வரை சுகமான காலம்.

● மயிலாடுதுறை வரை ரயில். அங்கிருந்து பேருந்தில் சுமார் 30 கி.மீ.

● ஊருக்குள் தங்கும் விடுதிகள் குறைவு, முன்பதிவு அவசியம். அருகிலுள்ள திருக்கடையூரில் தங்கலாம். ஆனால் முகூர்த்த நாட்களில் அறுபதாம் கல்யாணக் கூட்டத்தால் அங்கும் அறை கிடைப்பது கடினம். பஞ்சாங்கம் பார்த்துக் கிளம்புங்கள்.

● வார இறுதியில் போனால், 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டையையும், மறைபோதகர் சீகன்பால்கு 1718-இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தையும் சனிக்கிழமையே பாருங்கள். ஏனெனில் ஞாயிறு காலை ஆலயத்தில் வழிபாடு நடக்கும்.

● ஞாயிறு விடியலில் கடற்கரைக்குப் போங்கள். கடலரிப்புக்கு முன்பகுதியைப் பறிகொடுத்த மாசிலாமணிநாதர் கோயில் அங்கேதான். அலைதடுப்புக் கற்கள் வழுக்கும். குழந்தைகளின் கையை விடாதீர்கள்.