பாம்பின் புண்ணுக்கு மஞ்சள் வேண்டாம்

போன ஆடி மாதம் மும்பை மாட்டுங்காவில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில், ஒரு பாம்பின் வயிற்றில் காய்ந்து ஒட்டியிருந்த மஞ்சள் பத்தை ஈரத் துணியால் நனைத்து நனைத்து எடுத்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. கல்லூரியில் படிக்கும் ஒரு பையன் வளர்க்கும் பால் பைத்தான் அது. கண்ணாடித் தொட்டிக்கு அடியில் வைத்திருந்த ஹீட் மேட் அளவுக்கு மீறிச் சூடேறி, அடிச்செதில்கள் நாலைந்து சிவந்து கொப்புளித்திருந்தன. பாட்டி பதறிப்போய் மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசிவிட்டார். பத்து காய்ந்து இறுகியதும், பாம்பு உடம்பை வளைக்கும்போதெல்லாம் கொப்புளத்தின் ஓரம் கிழிந்தது. சின்னச் சூட்டுக்காயம் புண்ணாகிவிட்டது.

நான் உள்ளே நுழைந்ததும் அந்தப் பையன் கேட்ட முதல் கேள்வி: "மாமி, டாக்டர்கிட்ட கொண்டுபோனா போலீஸ் வருமா?"

பாம்பு மீட்பவர்களோடு சில ஆண்டுகள் அலைந்தவள் நான். செம்பூரிலும் தாராவியிலும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறேன். இந்தப் பயம் இருக்கும்வரை அடுக்களை வைத்தியமும் இருக்கும். அதனால் அந்தப் பயத்திலிருந்தே தொடங்கி, காதில் விழும் நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

"பாம்பு வளர்ப்பதே குற்றம், மருத்துவரிடம் காட்டினால் மாட்டிக்கொள்வோம்."

நம் நாட்டுப் பாம்பென்றால் குற்றம்தான். நாகம், சாரை, மண்ணுளி, மலைப்பாம்பு எதுவானாலும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் வைத்திருக்கக் கூடாது. அப்படி ஒன்று இருந்தால் மகாராஷ்டிர வனத்துறையின் 1926 எண்ணைக் கூப்பிட்டு ஒப்படைத்துவிடுங்கள். பால் பைத்தான் மேற்கு ஆப்பிரிக்கப் பாம்பு. அது சைட்டிஸ் என்ற பன்னாட்டு வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால், 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி கைக்கு வந்த 30 நாளுக்குள் ஒன்றிய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். பதிந்துவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. பரேலில் 1886 முதல் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதே பரேலில் பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனையும் இருக்கிறது. ஊர்வன பார்க்கும் மருத்துவர் எந்த நாளில் இருப்பார் என்று போனில் கேட்டுக்கொண்டு போங்கள்.

"மனுஷங்களுக்கு ஆகிறது பாம்புக்கும் ஆகும்: மஞ்சள், எண்ணெய், கல்லுப்பு, டெட்டால்."

அதிகம் கெடுதல் செய்யும் நம்பிக்கை இதுதான். பாம்பின் உடம்பைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். செதில்கள் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். நடுவில் மெல்லிய, மடிந்த தோல். குழைத்த எதுவும் அந்த மடிப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், துடைத்தாலும் வராது. எண்ணெய் அதற்குமேல் மூடிபோட்டு ஈரத்தையும் சூட்டையும் உள்ளேயே அடைத்து வைக்கும். மும்பை மழைக்காலத்தில் அலமாரித் துணியே பூஞ்சணம் பிடிக்கிறது. அந்தக் காற்றில் எண்ணெய் பூசிய புண் என்ன பாடுபடும்?

கல்லுப்பைப் பற்றி எனக்கு விளங்க வைத்தவர் தாராவியில் தோல் கிடங்கில் காலம் கழித்த ஒரு பெரியவர். "உப்பு போட்டா தோல்ல இருக்கிற தண்ணியெல்லாம் இழுத்துடும்மா. செத்த தோலுக்கு அது நல்லது, உசிரோட இருக்கிறதுக்கு எரிச்சல்" என்றார். டெட்டால் இன்னும் மோசம். அதிலுள்ள பீனால் வகை மருந்து தோல் வழியாகவே பாம்பின் உடம்பில் ஏறி நஞ்சாகும். ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கிருமியோடு சேர்த்துப் புதிதாக முளைக்கும் சதையையும் அரித்துவிடும். வலி மரக்க மருந்து கலந்த மனிதக் களிம்புகளையும் தொடாதீர்கள்.

வேண்டியது கொஞ்சம்தான். மருந்துக்கடையில் கிடைக்கும் நார்மல் சலைன் விட்டுக் காயத்தைக் கழுவுங்கள். 10 சதவீத பெட்டாடைன் கரைசலைச் சுத்தமான தண்ணீரில் விட்டு, பால் சேர்க்காத வெளிறிய டீ நிறத்துக்கு வரும்வரை நீர்க்க வையுங்கள். அதில் நனைத்த காஸ் துணியால் மெல்ல ஒற்றி எடுங்கள். பஞ்சு வேண்டாம், இழை ஒட்டிக்கொள்ளும். கண்ணிலும் வாயிலும் படக் கூடாது. ஒரு நாளைக்கு ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு. அதற்குமேல் களிம்பு எதுவானாலும் மருத்துவர் சொல்லட்டும்.

தொட்டியில் இருக்கும் தேங்காய் நார், மரத்தூள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வெறும் செய்தித்தாள் விரியுங்கள், அழுக்கானதும் மாற்றுங்கள். சூட்டைக் குறைத்துவிடாதீர்கள். பாம்புக்குச் சொந்தச் சூடு கிடையாது. உடம்பு குளிர்ந்தால் நோய் எதிர்ப்பும் மந்தமாகும், புண்ணும் ஆறாது. பால் பைத்தானுக்கு ஒரு பக்கம் 31, 32 டிகிரி இருக்க வேண்டும். தெர்மோஸ்டாட் இல்லாமல் ஹீட் மேட் போடவே கூடாது. சுட்டால் பாம்பு தானே நகர்ந்துவிடும் என்று நம்பித்தான் அந்தப் பையன் தெர்மோஸ்டாட் வாங்கவில்லை. பல நேரம் பாம்பு நகர்வதில்லை. சூட்டின்மேலேயே படுத்து வெந்துபோகும். சூட்டுக்காயத்தின் உண்மையான ஆழமும் முதல் நாளில் தெரியாது, சில நாள் கழித்துத்தான் தெரியும். அதனால் கொப்புளம் கண்டாலே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

"சட்டை உரித்தால் காயமும் போய்விடும்."

பாதி உண்மை. காயம்பட்ட பாம்பு வழக்கத்தைவிட அடிக்கடி சட்டை உரிக்கும். ஒவ்வொரு உரிப்பிலும் தழும்பு கொஞ்சம் தேறும். ஆனால் சட்டையோடு கழல்வது மேல்தோல் மட்டும். அடியில் நோய் பிடித்திருந்தால் அது அங்கேயே இருக்கும். புண் இருக்கும் இடத்தில் பழைய சட்டை கழலாமல் சிக்கிக்கொள்வதும் உண்டு. அதைக் கையால் பிய்க்கவே பிய்க்காதீர்கள், கீழே பச்சைச் சதை இருக்கும்.

"சீழ் இல்லை, ஆறிவிட்டது."

பாம்புக்கு நம்மைப்போல் சீழ் வடியாது. பனீர்போலக் கெட்டியாகி உள்ளேயே கட்டிக்கொள்ளும். காயம் மூடிய இடத்தில் விரலுக்குக் கடினமாக ஒரு முடிச்சு தட்டுப்பட்டால் அதுதான் சீழ். தானாக வடிந்துவிடும் என்று காத்திருந்து பலன் இல்லை. மருத்துவர் கீறித்தான் எடுக்க வேண்டும்.

"பால் கொடுத்தால் தெம்பு வரும்."

அந்தப் பாட்டி கிண்ணத்தில் பாலும் வைத்திருந்தார். "பேரே பால் பைத்தான்கிறானே!" என்றார். அந்த 'பால்' பந்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். மிரண்டால் தலையை நடுவில் வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும் பாம்பு என்று சொன்னதும் பாட்டிக்கு முகம் வாடிவிட்டது. நாக பஞ்சமியில் நாகங்கள் பால் குடிப்பதைப் பார்த்தவர் அவர். அந்தப் பாம்புகளை முன்னதாகத் தண்ணீர் காட்டாமல் காயப்போடுகிறார்கள். தாகத்தில் எதை வைத்தாலும் குடிக்கும். பால் அவற்றுக்குச் செரிக்காது, நுரையீரலில் ஏறினால் சாவுதான். வைக்க வேண்டியது சுத்தமான தண்ணீர்.

"உயிர் எலிதான் பாம்புக்கு இயற்கை உணவு."

காட்டில் சரி. கண்ணாடித் தொட்டிக்குள், பசியில்லாத பாம்போடு அடைபட்ட எலி பாம்பைக் கடித்துக் குதறிவிடும். முதுகெலும்பு தெரியும்வரை கடிபட்ட பாம்பை நான் பார்த்திருக்கிறேன். உறைய வைத்த எலியை இளக்கி, இடுக்கியால் கொடுங்கள். புண் ஆறும்வரை இரை சின்னதாக இருக்கட்டும். பெரிய இரையை விழுங்கினால் தோல் விரிந்து காயம் பிளக்கும்.

"அடிபட்ட பாம்பை விட்டால் தேடி வந்து பழி வாங்கும்."

இந்த ஒரு நம்பிக்கையால் சாகடிக்கப்பட்ட சாரைகளுக்குக் கணக்கில்லை. யார் அடித்தார் என்று நினைவில் வைத்துத் தேடிவரும் மூளை பாம்புக்கு இல்லை. செம்பூரில், டிராம்பே மலையடிவாரத்தில், மழைக்கு வீட்டுப் பக்கம் வந்த பாம்பு வலையில் சிக்கிக் கிடந்தால் வலையை வெட்டப் போகாதீர்கள், மருந்தும் போடாதீர்கள். கண்ணாடி விரியனும் அந்தப் பக்கம் உண்டு. தள்ளி நின்று, பாம்பின் மேல் ஒரு கண் வைத்துக்கொண்டு 1926-ஐக் கூப்பிடுங்கள்.

எந்தப் பாம்பைத் தொட்டாலும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஊர்வனவற்றின் உடம்பில் சால்மொனெல்லா கிருமி இருக்கும். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் கிட்டவே போக வேண்டாம்.

மாட்டுங்கா பையன் மறுநாளே பாம்பைத் தலையணை உறையில் கட்டி, காற்றோட்டமுள்ள பெட்டியில் வைத்து மருத்துவரிடம் கொண்டுபோனான். அவர் கேட்ட காகிதம் ஒன்றே ஒன்று, பரிவேஷ் பதிவு. மார்கழியில் நான் போனபோது, மூன்றாவதாக உரித்த சட்டையைப் பாட்டி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வயிற்றுப் பக்கம் வரிசையாக ஓடிய பட்டைகளில் கட்டைவிரல் அகலத்துக்குக் கோணல்மாணலாக ஒரு திட்டு. "போன தடவை இந்த இடத்துல ஓட்டையா இருந்தது" என்றார். தொட்டியில் அன்றைய செய்தித்தாளை அவர்தான் விரித்திருந்தார்.