மாடும் கொசுவும் பிள்ளை பெற்ற தாயும்



தலைப்பைப் பார்த்துவிட்டு, "இது என்னங்க, மாட்டு ஆஸ்பத்திரி நோட்டீஸா, பிரசவ நோட்டீஸா?" என்று கேட்பீர்கள். இரண்டும்தான். உங்களில் பலர் வீட்டில் தொழுவமும் தொட்டிலும் பத்தடி தூரத்தில் இருக்கின்றன. கொசு இரண்டுக்கும் போய் வருகிறது. மாட்டுக்கு வந்த நஷ்டமும், பிள்ளைக்கு வந்த காய்ச்சலும் கடைசியில் போய்ச் சேருவது அந்த வீட்டுத் தாயின் மனதில்தான். ஆகவே மூன்றையும் ஒரே தாளில் எழுதுகிறேன். கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். ஒருவருக்கு எழுத்துக் கூட்ட வராவிட்டால் மற்றவர் படித்துக் காட்டுங்கள். மாமியார் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

வேலூரில் தெரிய வந்த காய்ச்சல்

ஜப்பானிய மூளைக் காய்ச்சல் நம் நாட்டில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது 1955-ஆம் ஆண்டில், அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்து வேலூரில். பேரைக் கேட்டு இது எங்கோ கடல் கடந்த சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். இந்நோயை முதலில் நன்கு ஆராய்ந்தவர்கள் ஜப்பானியர். 1935-இல் அதன் வைரஸ் கிருமியைப் பிரித்தெடுத்தவர்களும் அவர்களே. அதனால் பேர் நிலைத்துவிட்டது. நோய் குடியிருப்பது நெல் விளையும் நாடுகளில். 1973-இல் மேற்கு வங்கத்தில் பாங்குரா, பர்த்வான் மாவட்டங்களில் பெருவாரியாகப் பரவியது. நம் தென்னார்க்காட்டுப் பக்கமும் அதன் கொடுமையைக் கண்டிருக்கிறது.

இதைப் பரப்பும் கொசு டெங்குக் கொசு அல்ல. டெங்குக் கொசு வீட்டுக்குள் தொட்டியிலும், உடைந்த சட்டியிலும், டயரிலும் முட்டையிடும், பகலில் கடிக்கும். மூளைக் காய்ச்சல் கொசு வயல் கொசு. கியூலெக்ஸ் என்னும் இனத்தைச் சேர்ந்தது. நடவு முடிந்து பயிர் சிறிதாக நிற்கும் முதல் சில வாரங்களில், வெயில் படும் தெளிந்த வயல் தண்ணீர்தான் அதற்குப் பிடித்த இடம். பொழுது சாய்ந்தபின் கிளம்பும். ஒரு கிலோமீட்டருக்கு மேலும் பறந்து வரும். அதற்கு ருசியான ரத்தம் மாட்டு ரத்தம். மனிதனைக் கடிப்பது குறைவு. குறைவு என்றாலும் ஆயிரக்கணக்கில் பெருகும்போது அந்தக் குறைவே நமக்குப் போதும்.

கிருமி எங்கே இருக்கிறது? கொக்கு, மடையான் போன்ற நீர்ப்பறவைகளின் உடம்பில் இருக்கிறது. அவற்றைக் கடித்த கொசு பன்றியைக் கடித்தால், பன்றியின் ரத்தத்தில் கிருமி சில நாட்கள் மிக ஏராளமாகப் பெருகும். பன்றிக்குப் பெரும்பாலும் நோவு எதுவும் தெரியாது. சினைப் பன்றியானால் கரு கலையும், செத்த குட்டி போடும். அடிக்கடி குட்டி போடும் பிராணி என்பதால், கிருமியை இதுவரை சந்திக்காத புதிய உடம்புகள் ஆண்டுதோறும் கிடைத்துக்கொண்டே இருக்கின்றன. அந்த நாட்களில் பன்றியைக் கடித்த கொசு, ஒன்றிரண்டு வாரம் கழித்து உங்கள் பிள்ளையைக் கடித்தால் கிருமி பிள்ளைக்கு வந்துவிடும். பிள்ளையிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. அதனால் நோயாளிப் பிள்ளையை ஒதுக்கி வைப்பது வீண் கொடுமை.

"சார், எங்க வீட்ல நாலு மாடு நிக்குது. கொசு அதைக் கடிச்சிட்டு எங்களை விட்ரும் இல்லீங்களா?" என்று ஒரு கூட்டத்தில் பெரியவர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. பாதி சரி. மாட்டின் உடம்பில் இந்தக் கிருமி பெருகிக் கொசுவுக்குத் திரும்பிப் போகும் அளவுக்கு வளர்வதில்லை. ஆகவே மாட்டைக் கடித்த கொசு நோய்ச் சங்கிலியில் ஒரு கடியை வீணாக்குகிறது. ஆனால் அதே மாட்டு ரத்தத்தைக் குடித்துத்தான் கொசு முட்டையிட்டுப் பெருகுகிறது. தொழுவத்தை ஒட்டிக் கட்டில் போட்டுப் படுத்தால், மாட்டைத் தேடி வந்த கூட்டத்துக்கு நீங்களும் இலை போட்டதாகிவிடும். தொழுவம் படுக்கையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு நல்லது. பன்றிக் கொட்டில் ஊருக்கே தள்ளி இருக்க வேண்டும். பன்றி வளர்ப்போர் மேல் கோபித்துப் பயனில்லை, அது அவர்கள் பிழைப்பு. இடம் ஒதுக்கித் தர ஊராட்சியில் பேசுங்கள்.

வயலில் என்ன செய்யலாம் என்பதை மதுரையில் இயங்கிய மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தார் நம் விவசாயிகள் நிலத்திலேயே சோதித்தார்கள். காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டுவது, யூரியாவுடன் வேப்பம் புண்ணாக்கைக் கலந்து போடுவது, இரண்டும் சேர்ந்தால் வயலில் கொசுப்புழு நன்றாகக் குறைந்தது. பயிருக்கும் கெடுதல் இல்லை. வயல் தண்ணீரை இரண்டு மூன்று நாள் முழுக்க வற்ற விட்டால் புழு செத்துவிடும். ஆனால் நீங்கள் மட்டும் வற்ற வைத்து, பக்கத்து வயல்காரர் தண்ணீர் தேக்கி வைத்தால் பலன் இல்லை. ஒரு மடைப் பாசனக்காரர்கள் எல்லோரும் பேசிச் செய்ய வேண்டிய காரியம் இது. நம் ஊர்களில் அது எவ்வளவு சுலபம் என்பது உங்களுக்கே தெரியும்!

கிருமி ஏறிய எல்லோருக்கும் நோய் வராது. ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்குத்தான் மூளை தாக்கும். பெரும்பாலும் அந்த ஒருவர் குழந்தையாக இருக்கும். அப்படித் தாக்கப்பட்டவர்களில் 100-க்கு 30 பேர் வரை இறந்துபோகலாம். பிழைத்தவர்களிலும் பலருக்குக் கை கால் விளங்காமை, பேச்சுக் குறைவு, வலிப்பு, புத்தி மந்தம் தங்கிவிடும். கிருமியைக் கொல்ல மருந்து கிடையாது. வலிப்பையும் மூளை வீக்கத்தையும் அடக்கி உயிரைக் காக்கும் சிகிச்சைதான் உண்டு. கடும் காய்ச்சல், தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு, வலிப்பு, ஓயாத மயக்கத் தூக்கம், ஆளைத் தெரியாமை ஆகியவற்றைக் கண்டால் "சன்னி கண்டிருக்கு, வேப்பிலை அடிச்சா போகும்" என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள். வலிப்பு வரும்போது பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் கரண்டி, விரல், தண்ணீர் எதையும் விடாதீர்கள். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் வலிப்பு நிற்காது. தானாக நின்ற வலிப்புக்குச் சாவி பேர் வாங்கிக்கொள்கிறது.

மருந்து இல்லாவிட்டாலும் தடுப்பூசி இருக்கிறது. 2006 முதல் நம் நாட்டில் நோய் காணும் மாவட்டங்களில் போடப்படுகிறது. குழந்தைக்கு 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை ரூபெல்லா ஊசியோடு ஒரு தவணை. 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாம் தவணை. கொசுவலை, நொச்சி மூட்டம், முழுக்கைச் சட்டை எல்லாம் துணைதான். இந்தக் கொசு நீங்கள் வலைக்குள் போகுமுன், வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் நேரத்திலேயே கடித்துவிடும். ஊசியைத்தான் முதலில் நம்ப வேண்டும்.

நான் எழுதாமல் விட்ட ஒரு வரி

இனிச் சொல்வது எனக்கே சங்கடமான விஷயம்.

அந்த ஊசி வருவதற்கு முந்தைய ஆண்டுகளில், ஒரு கார்த்திகை மாதம், மூளைக் காய்ச்சலில் பிழைத்து வீடு திரும்பிய நாலு வயதுப் பையனைப் பார்க்கப் போயிருந்தேன். வலது கை மடங்கியபடியே நின்றுவிட்டது, பேச்சு இல்லை. வீட்டுக்கு எத்தனை மாடு, பன்றிக் கொட்டில் எவ்வளவு தூரம், வயலில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். பையனின் தாய் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் இரண்டு மாதப் பெண் குழந்தை அழுதுகொண்டிருந்தது. அவள் அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "இவதான் சார் புள்ளையை ராத்திரி வெளியில படுக்க வச்சா" என்றார் மாமியார். "அது அவங்க தப்பில்லீங்க, கொசு யாரையும் கடிக்கும்" என்று நான் ஒரு பதில் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். தாயைப் பற்றி என் நோட்டில் ஒரு வரி இல்லை.

சில வாரம் கழித்து அந்த ஊர்ச் செவிலியர் சொன்னார்: விடியற்காலையில் அவள் கிணற்று மேட்டில் நின்றிருக்கிறாள், தண்ணீருக்குப் போன பக்கத்து வீட்டு அம்மாள்தான் கையைப் பிடித்து அழைத்து வந்தாராம். பிறகு ஆஸ்பத்திரியில் காட்டி, மாத்திரையும் பேச்சுமாகச் சில மாதங்களில் தேறிவிட்டாள். கிணற்றடியில் அந்த நேரத்துக்கு ஓர் ஆள் இருந்தது எங்கள் இலாகா செய்த ஏற்பாடு அல்ல. அன்று முதல் எந்த வீட்டுக்குப் போனாலும், மாட்டை எண்ணும் முன் தாயின் முகத்தைப் பார்க்கிறேன்.

அதே வேலூர் மாவட்டத்தில், கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில், நிறைமாதத்தில் இருந்த பெண்களிடம் பேசி, பிரசவமான 6 முதல் 12 வாரத்தில் மீண்டும் போய்ப் பார்த்தார்கள். 301 பேரை அப்படிப் பார்த்ததில் 100-க்கு 11 பேருக்குப் புதிதாக மனச்சோர்வு நோய் கண்டிருந்தது. 2002-இல் இந்த ஆய்வு வெளியாயிற்று. யாருக்கு அதிகம் வந்தது என்று பாருங்கள்: வருமானம் குறைந்த வீடு, ஆண் பிள்ளையை எதிர்பார்த்துப் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனத்தாங்கல், கர்ப்ப காலத்தில் வீட்டில் நேர்ந்த துன்பங்கள், பிரசவத்துக்குப் பின் கைவேலைக்கு ஒத்தாசை இல்லாமை. இவற்றில் எது தாயின் குற்றம்?

பெண் பிறந்ததற்கு மனைவியைத் திட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆணா பெண்ணா என்பது தந்தையின் விந்தணுவால் முடிவாவது. திட்டத்தான் வேண்டுமென்றால் கண்ணாடி முன் நின்று திட்டவும்.

வீட்டில் நேரும் துன்பம் என்றால் சாவு மட்டும் அல்ல. கறவை மாடு போவதும் அதுதான். மாட்டுக்கு உடம்பெல்லாம் கட்டி கட்டியாக வரும் தோல் கழலை நோய் 2022-இல் குஜராத், ராஜஸ்தான் பக்கம் ஆயிரக்கணக்கான மாடுகளைக் கொண்டுபோனது. அதையும் கொசு, கடிக்கும் ஈ, உண்ணி ஆகியவைதான் பரப்புகின்றன. மனிதருக்கு வராது. ஆனால் பால் காசு நின்று, சங்கத்துக் கடன் நின்று, வட்டிக்காரர் வாசலுக்கு வந்தால், ஏழு மாதக் கர்ப்பிணி அந்த இரவு எப்படித் தூங்குவாள்? காலத்தில் மாட்டுக்கு ஊசி போட்டு, நோய் கண்டதைத் தனியே கட்டி, கால்நடை மருத்துவருக்குச் சொல்லிவிடுவதும் ஒரு வகையில் மனைவிக்குச் செய்யும் பேறுகாலப் பராமரிப்பே.

மனச்சோர்வு என்பது "பச்சை உடம்புக்காரி, கொஞ்சம் அலுப்பு" என்பது அல்ல. பிரசவமான மூன்று நாலு நாளில் கண் கலங்குவதும் சிடுசிடுப்பதும் பலருக்கு வரும். இரண்டு வாரத்துக்குள் போய்விடும். அதைத் தாண்டியும் எந்நேரமும் துக்கம், பிள்ளை தூங்கினாலும் தனக்குத் தூக்கம் இல்லாமை, சோறு இறங்காமை, பிள்ளை மேல் ஒட்டுதல் இல்லாமை, "நான் எதுக்கு இருக்கணும்" என்ற பேச்சு ஆகியவை இருந்தால் அது நோய். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வேறொரு கடுமையான நோயும் வரும்: பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் திடீரென்று தூக்கம் கெட்டு, இல்லாத குரல் கேட்டு, சம்பந்தமில்லாமல் பேசுவாள். காற்று கருப்பு என்று கோடாங்கியிடம் கூட்டிப்போக வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி. அதுவரை தாயையும் சேயையும் தனியே விடக் கூடாது.

தீருமா என்றால், தீரும். பாகிஸ்தானில் ராவல்பிண்டிப் பக்கத்துக் கிராமங்களில், நிறைமாதத்திலேயே மனச்சோர்வு கண்டிருந்த 903 தாய்மாரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினரிடம், பயிற்சி பெற்ற கிராம சுகாதார ஊழியப் பெண்கள் வீட்டுக்குப் போய் முறையாகப் பேசினார்கள். மற்றப் பிரிவினருக்கு வழக்கமான வருகை மட்டும். குழந்தைக்கு 6 மாதம் ஆனபோது, பேசிய பிரிவில் 100-க்கு 23 பேரிடமே நோய் மிச்சம் இருந்தது. மற்றதில் 53 பேரிடம். 2008-இல் வந்த முடிவு இது. இன்னொன்றும் கண்டார்கள்: தேறிய பிரிவுத் தாய்மாரின் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு குறைவு, தடுப்பூசிகள் தவறாமல் போடப்பட்டிருந்தன; அந்தத் தம்பதியர் கர்ப்பத்தடை முறைகளையும் கூடுதலாகக் கைக்கொண்டிருந்தார்கள். வயல் கொசுவுக்கு எதிரான ஊசி பிள்ளைக்கு ஏறுவது தாயின் மனம் எழுந்து நிற்பதைப் பொறுத்திருக்கிறது.

கணவன்மார்களே, இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். இரவில் பிள்ளை அழுதால் ஒரு முறை நீங்கள் எழுந்திருங்கள். சாணி அள்ளுவது, தண்ணீர் எடுப்பது, பால் ஊற்றப் போவது மூன்றையும் மூன்று மாதமாவது உங்கள் கணக்கில் வையுங்கள். "என்னம்மா, எப்படி இருக்கே?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை எழுந்து போகாதீர்கள். அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் பேச்சு முற்றினால் மாட்டைப் பார்க்கப் போகிறேன் என்று நழுவாதீர்கள். செவிலியர் வரும்போது மனைவி வாய் திறக்கத் தயங்கினால் நீங்கள் சொல்லுங்கள். எந்த நேரத்திலும் 14416 என்ற மனநல எண்ணிலோ, 104-லோ தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. மாத்திரை தேவைப்பட்டால், பால் கொடுக்கும் தாய்க்கு ஏற்றதை மருத்துவர் தருவார். தாய்ப்பாலைத் தாமாக நிறுத்த வேண்டாம்.

இப்போது பரணிலோ பெட்டியிலோ இருக்கும் தாய் சேய் அட்டையை எடுத்துப் பாருங்கள். ஒன்பதாம் மாதத்துக் கட்டத்தில் தேதி விழுந்திருக்கிறதா? இல்லையென்றால் வரும் புதன்கிழமை செவிலியரைக் கேளுங்கள். அன்று தாய்க்கு முடியவில்லை என்றால் தகப்பன் தூக்கி வரலாம். நாங்கள் ஒன்றும் சொல்ல மாட்டோம். வண்டியில் வந்தால் பாட்டியைப் பின்னால் உட்கார வைத்துக் குழந்தையை அவர் மடியில் கொடுங்கள். அட்டையை மறக்காமல் கொண்டு வாருங்கள்.